பிராக்கெட்டுக்குள்ள மூணு

– இன்னும் ஸ்வல்ப கதவு பக்கமா நகந்து உக்காரு கண்ணு. ஒரு கதை சொல்றேன். கேட்டுட்டு அப்புறமா தாப்பாளைத் தெறக்கறதா வேணாமான்னு நீயே முடிவு பண்ணு.

– எனக்குக் கதையும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீ கம்பெனிக்குக் கிளம்பும்மா.

– எப்படிக் கிளம்பறது? என் ஐடி கார்டு உள்ள ஆணியில தொங்குது. அது இல்லாம கேட்டுல ஒரு அடி விடமாட்டான். நீ உள்ள மாட்டிக்கிட்ட அனு, நான் வெளிய மாட்டிக்கிட்டேன். அவ்ளோதான் வித்தியாசம்.

– கதவுக்குக் கீழ தள்ளி விடறேன், எடுத்துக்கோ.

– தள்ளாத. தள்ளினா நான் போயாகணும். பர்மிஷன் சொல்லிட்டேன், லேட்டா வர்றேன்னு. உங்கப்பனுக்கு ஒண்ணும் தெரியாது, விடிஞ்சதும் ஆட்டோ எடுத்துட்டுப் போயிட்டாரு. நாம ரெண்டு பேர்தான். கதை சொல்லட்டா?

– சொல்லு. சொல்லாம நீ நகர மாட்ட.

– எங்க கார்மென்ட்ஸ் கம்பெனி தையல் லைன்ல ஒரு தடவை சின்னப் பசங்க சட்டை வந்துச்சு. எல்லாருக்கும் முன்னாடி சாம்பிள் பீஸ் ஒண்ணு தொங்கும், உனக்குத் தெரியும். அதைப் பாத்துத்தான் தைக்கணும், அதைப் பாத்துத்தான் நான் செக் பண்ணி பாஸ் போடணும். அந்த சாம்பிள்ல பாக்கெட் வலது பக்கம் இருந்துச்சு. எல்லாரும் வலது பக்கமே வெச்சாங்க. லட்சுமம்மா ஒருத்தி மட்டும் இடது பக்கம் வெச்சுத் தெச்சிருக்கா. இன்னாடி இதுன்னு கேட்டா, சட்டைப் பாக்கெட் எங்கயாவது வலது பக்கம் இருக்குமா சரளக்கான்னு என்னையே திருப்பிக் கேக்கறா.

– நீ இன்னா பண்ண?

– ரிஜெக்ட். அவ தெச்சது அத்தனையும் தூக்கித் தனியா வெச்சேன். சூப்பர்வைசர் நாகேஷ் வந்தாரு. சாம்பிள் ஹேகிதெ, ஹாகே மாடுன்னு கத்தினாரு. எப்படி இருக்கோ அப்படியே செய்யி, உன் மூளை எதுக்கு இங்கன்னு. பாவம், அவ உக்காந்து எல்லா பாக்கெட்டையும் பிரிச்சு, மறுபடியும் வலது பக்கம் வெச்சுத் தெச்சா.

– அப்புறம்?

– அப்புறம் இன்னா, ஆர்டர் குடுத்தவங்ககிட்டேர்ந்து மொத்தமும் திரும்பி வந்துருச்சு. சாம்பிள் தெச்ச மகராசன் தூக்கக் கலக்கத்துல பக்கத்தை மாத்திட்டானாம்.

– அப்ப லட்சுமம்மா செஞ்சதுதான் சரி.

– அது கெடக்கட்டும். என் மேல ஒரு வார்த்தை வந்துச்சா? வரலை. சாம்பிள்ல இருக்கறபடி பாஸ் பண்ணேன், என்னை யாரு கேப்பா? அதான் கதை. இருக்கறதை இருக்கற மாதிரி செஞ்சவளுக்குப் பயம் கெடையாது. நீயும் அப்படித்தான் படிச்ச. புக்குல இருக்கறதை ஒரு புள்ளி மாறாம எழுதினவ. நீ எதுக்கு கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்க?

– இந்தக் கதைக்காம்மா என்னைக் கிட்ட வரச் சொன்ன?

– வந்துட்ட இல்ல. குரல் இப்ப பக்கத்துல கேக்குது. அது போதும் எனக்கு. நேத்து காலேஜ்லேர்ந்து வந்து பேகை வீசிட்டுப் படுத்தவ. சோறும் இல்ல, பேச்சும் இல்ல. எவனாவது பையன் ஏதாவது சொன்னானா?

– பையன் இல்லம்மா. மமதா மிஸ்.

– கணக்கு எடுக்கறவங்களா? அவங்களுக்கு உன்னைக் கண்டா குஷியா இருக்கணுமே. பியூசி பப்ளிக் பரீட்சையில கணக்குல தொண்ணூத்தெட்டு எடுத்த பொண்ணு.

– அந்த நம்பரைச் சொல்லாத. தயவு செஞ்சு சொல்லாத. அந்த முக்குல டியூஷன்காரங்க கட்டி வெச்ச ஃப்ளெக்ஸ்லயும் அதேதான், என் மூஞ்சியைப் பெருசாப் போட்டு. அப்பா ஆட்டோவை அங்க மெதுவா ஓட்டி, ஏறினவங்களுக்கெல்லாம் கையைக் காட்டறாரு. தெனமும் நான் அதுக்குக் கீழதான் நடந்து போறேன். என் மூஞ்சி மேலேர்ந்து என்னையே பாத்து சிரிக்குது.

– சிரிச்சா சிரிச்சுட்டுப் போவட்டும். நல்லா எடுத்த மார்க்குதானே. மிஸ் இன்னா சொன்னாங்க, அதைச் சொல்லு.

– காலேஜ்ல சேந்ததும் எங்களுக்கு ஒரு டெஸ்ட் வெச்சாங்க இல்ல, பிசிஏ கணக்கைத் தாங்குவோமான்னு பாக்க. அதுக்கு முன்னாடி ஒரு பேப்பர் குடுத்தாங்க. அதுல கணக்கே இல்ல. கணக்குன்னா பயமா, புரியலைன்னா இன்னா செய்வே, மனப்பாடம் பண்ணுவியா, நீயா போட்டுப் பாப்பியான்னு கேட்டிருந்துச்சு. டிக் அடிக்கணும்.

– நீ எதை அடிச்ச?

– டியூஷன்ல கோவிந்தராஜன் சார் முன்னாடியே சொல்லிக் குடுத்திருந்தாரு, இந்த மாதிரி கேட்டா எதை டிக் அடிக்கணும்னு. எனக்குப் பயமே கெடையாது, மனப்பாடமே பண்ண மாட்டேன், புரியற வரைக்கும் விடமாட்டேன். அப்படி.

– அதையும் மனப்பாடமா?

– அதையும்தான். நேத்து மிஸ் அந்தப் பேப்பரையெல்லாம் கையில வெச்சுக்கிட்டு, இந்த கிளாஸ்ல கணக்குக்குப் பயப்படறவ நான் ஒருத்திதான் போலிருக்கு, உங்களைப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்குன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அப்புறம் டெஸ்ட் பேப்பரை எடுத்தாங்க.

– அதுல ஃபெயிலா?

– ஃபெயில்னா பரவாயில்லையேம்மா. அதுல ஒரு சம் அப்படியே எங்க கைடுல இருக்கற சம். விடை எல்லாருக்கும் கரெக்ட். ஆனா நடுவுல ஒரு வரி தப்பு. கோவிந்தராஜன் சார் டியூஷன்லேர்ந்து வந்தவங்க எல்லாருக்கும் அதே எடத்துல, அதே வரி, அதே தப்பு. மிஸ் போர்டுல எழுதிக் காட்டினாங்க. இந்த வரியில மூணுக்கு முன்னாடி மைனஸ். அடுத்த வரியில மூணுக்கு முன்னாடி பிளஸ். நடுவுல எந்த சாமி எறங்கி வந்து மாத்துச்சுன்னு கேட்டாங்க.

– கைடுல அப்படித்தானே இருந்துச்சு.

– கைடுல பிரிண்ட் தப்பும்மா. ஒரு எடத்துல. அதை நாங்க அத்தனை பேரும் தப்போட சேத்து மனப்பாடம் பண்ணியிருக்கோம். பரீட்சையில கடைசி விடையைப் பாத்து மார்க் போட்டுட்டாங்க. மிஸ் அப்படி விடல.

– சரி, ஒரு வரி தப்பு. அதுக்கா இத்தனை பேஜாரு?

– இரு. அதுக்கப்புறம் மிஸ் அந்த மூணை அழிச்சுட்டு எட்டுன்னு எழுதினாங்க. அனுஷா நீ வந்து போடுன்னாங்க. போனேன். சாக்பீஸ் கையில இருக்கு. எட்டு எதுர இருக்கு. கை மூணுன்னு எழுதுது.

– பதட்டத்துல எழுதியிருப்ப.

– அழிச்சுட்டு மறுபடியும் எழுதினேன். மறுபடியும் மூணு. என் கண்ணுக்கு எட்டு தெரியுது, கைக்குத் தெரியல. பின்னாடி எல்லாரும் சிரிக்கறாங்க. எனக்கு அந்த சம்மை மொத வரியிலேர்ந்து பாட்டு மாதிரி சொன்னாத்தான் வரும்மா. நடுவுல ஒரு நம்பரை மாத்தினா, பாட்டு நின்னுபோவுது. வேற வழியே கெடையாது உள்ள. ஒரே ஒரு வழி, அதுவும் அடைச்சிருக்கு.

– அழாத. அழுதா எனக்கு இங்க ஒண்ணும் ஓடல.

– அழல. நான் ஒண்ணு சொல்லட்டா? கோச்சுக்காத. கணக்குப் போடணும்னு உக்காந்தா, என் தலைக்குள்ள நீ கைடைப் புடிச்சுக்கிட்டு நிக்கிற. ஒரு எழுத்து மாறினா, மொதல்லேர்ந்து சொல்லுங்கற. ரெண்டு வருஷம் விடியக்காலையில நீ அடுப்பாண்ட நின்னு அதைத்தானே பண்ண. நீ போனப்புறமும் நீ போவ மாட்டேங்கற.

– எனக்கு இன்னா தெரியும் கண்ணு? இங்கிலீஷ் எழுத்தும் நம்பரும் குறியும் பாத்தா அடையாளம் தெரியும். நீ சொல்றது புக்கோட ஒத்துப் போவுதான்னு பாப்பேன். பீஸைப் பாக்கற மாதிரி. எனக்குத் தெரிஞ்ச வேலை அது ஒண்ணுதான். உனக்கு அர்த்தம் தெரியும்னு நெனச்சேன்.

– நான் உனக்குத் தெரியும்னு நெனச்சேன். நீ அவ்ளோ கரெக்டா தப்பு கண்டுபுடிப்பியே.

– இரு, அந்த கைடை எடுத்துட்டு வந்துடறேன்.

– இன்னாம்மா, இருக்கியா?

– இருக்கேன். எங்க போறது? ஆமா, இன்னிக்கு பதினோரு மணிக்கு கிளாஸ் இருக்குன்னு சொன்னியே.

– சனிக்கெழமைல ஸ்பெஷல் கிளாஸ். டெஸ்ட்ல யாருக்கெல்லாம் அடித்தளம் சரியில்லையோ அவங்களுக்கு. வர்றவங்க பிசிஏல இருப்பாங்க. வராதவங்க வேற கோர்ஸுக்கு மாறிக்கலாம்னு சொல்லிட்டாங்க. நேத்து ராத்திரி குரூப்புல மிஸ் மெசேஜ் போட்டிருக்காங்க. இன்னிக்கு மொத சம் அனுஷா போர்டுல வந்து போட்டு, எல்லாருக்கும் சொல்லிக் குடுக்கணுமாம். நேத்து சிரிச்சது போதலை போல. அதைப் பாத்ததும் தாப்பாளைப் போட்டேன். பதினோரு மணி தாண்டட்டும், தெறக்கறேன்.

– தாண்டினா?

– பிஏக்கு மாறிக்கறேன். அங்க கணக்கு கெடையாது.

– கம்ப்யூட்டர் படிக்கணும்னு சின்ன வயசுலேர்ந்து ஆசைப்பட்டவ நீ. நானா சொன்னேன்?

– இப்பவும் ஆசைதான். ஆசை இருக்கறதாலதானே இப்படி உக்காந்திருக்கேன். ஆசை இல்லாதவ போய் நின்னு சிரிப்பா சிரிச்சுட்டு வந்துடுவா.

– சரி, கேளு. கைடு என் மடியிலதான் இருக்கு. அந்த சம்மை எடுத்து வெச்சிருக்கேன். இன்னும் நேரம் இருக்கு. எட்டு போட்டு மாத்தி மனப்பாடம் பண்ணிக்கலாம். சொல்லு, நான் பாக்கறேன்.

– மா, மிஸ் எட்டே போடுவாங்கன்னு இன்னா நிச்சயம்?

– ஒம்பதும் பண்ணிக்கலாம். எல்லா நம்பரும் பண்ணிக்கலாம். சொல்லு கண்ணு. எனக்கு வேற இன்னா பண்றதுன்னு தெரியல. உன் குரலையாவது கேக்கறேன்.

– அஞ்சு எக்ஸ் மைனஸ் பிராக்கெட் எக்ஸ் மைனஸ் மூணு பிராக்கெட் க்ளோஸ். ஈக்வல் டு அஞ்சு எக்ஸ் மைனஸ் எக்ஸ் மைனஸ்... இல்ல... பிளஸ்... எது சொல்றது இப்ப?

– கைடுல மைனஸ்தான் போட்டிருக்கு. மிஸ் இன்னா சொன்னாங்க?

– தப்புன்னாங்க. சரி எதுன்னு சொல்றதுக்குள்ள நான் கிளாஸை விட்டு வெளிய வந்துட்டேன். பை மட்டும் எடுத்துக்கிட்டு ஓடி வந்துட்டேன்.

– கேட்டியா, செவுத்தைத் தட்டறாங்க. ஆரம்பிச்சுட்டாங்க பாரு. நாம ஒரு வரி வாய் தெறந்து படிக்கக் கூடாது, அந்தப் பக்கத்துலேர்ந்து டொக்கு டொக்குன்னு. ரெண்டு வருஷமா இதே கலாட்டா. ஒத்தைக் கல்லு செவுரு கட்டி வாடகைக்கு விட்டவனைச் சொல்லணும். பக்கத்து வீட்டு சொர்ணத்துக்கு நம்ம புள்ளை படிக்கறதுன்னா அவ்ளோ எரிச்சல். அந்த வீடு வெளங்குமா?

– விடும்மா. அவங்களும் தூங்க வேணாமா?

– தூங்கற நேரமா இது? நீ சத்தமா சொல்லு. மொதல்லேர்ந்து சொல்லு.

– சொன்னா மறுபடியும் அந்த மைனஸ்லதான் வந்து நிக்கும்.

– யாரு அது வாசல்ல? ... நீயா? உங்கம்மா சொர்ணம் அனுப்பினாளா? சத்தம் கம்மி பண்ணச் சொல்லியா?

– இல்ல ஆண்ட்டி. அனுவைக் கூப்புட வந்தேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு. ஃபோன் பண்ணா ஆஃப்ல இருக்கு.

– அவ வரலை. நீ போம்மா ஜோவிதா.

– மா, அவகிட்ட சொல்லு, எனக்கு ஒடம்பு சரியில்லன்னு.

– காது கேக்குது அனு. ஒடம்பு சரியில்லாதவ அஞ்சு எக்ஸ் மைனஸ்னு ராகம் போடுவாளா? கேளேன், நேத்து நீ ஓடிட்ட. அதுக்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

– தெரிஞ்சவரைக்கும் போதும். சிரிச்சாங்க.

– சிரிச்சவங்க யாரு தெரியுமா? அதே டியூஷன்லேர்ந்து வந்து, அதே தப்பை எழுதினவங்க. அவங்களைக் கூப்புடலியேன்னு சந்தோஷத்துல சிரிச்சாங்க. அதை விடு. கிளாஸ் முடிஞ்சதும் மிஸ் என்னை ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்புட்டாங்க.

– உன்னை எதுக்கு? நீ எங்க டியூஷனே இல்லியே.

– அதனாலதான். அந்த வரியை சரியா எழுதினது நான்தானாம். மூணுக்கு முன்னாடி பிளஸ் போட்டிருந்தேன். மிஸ் என் மார்க் கார்டைப் பாத்தாங்க. பியூசியில கணக்குல அறுவத்தொண்ணு. நம்ப முடியல அவங்களால. யாரும்மா உனக்கு சொல்லிக் குடுத்ததுன்னு கேட்டாங்க. அனுஷான்னு சொன்னேன்.

– எதுக்கு என்னை இழுத்த? நான் உனக்கு எப்ப சொல்லிக் குடுத்தேன்? நாம ஒண்ணா உக்காந்து படிச்சதே கெடையாது. ரெண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தையே இல்ல.

– தெனமும் சொல்லிக் குடுத்த. விடியக்காலையில. செவுத்துக்கு இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் நான்.

– இன்னா சொல்ற நீ?

– எங்க வீட்டுல டியூஷனும் இல்ல, அந்த கைடும் இல்ல அனு. உன் குரல்தான் எனக்கு கைடு. நீ ராகமா சொல்லுவ, நான் செவுத்தாண்ட உக்காந்து எழுதிக்குவேன். சத்தியமா. ஆண்ட்டி தோசை ஊத்தற சத்தத்துல ஒண்ணு ரெண்டு வரி போயிடும், மிச்சமெல்லாம் வந்துரும்.

– அப்ப எதுக்கு உங்கம்மா தட்டித் தட்டி எங்களை...

– அதையும் சொல்றேன் ஆண்ட்டி. மொதல்ல இதை முடிச்சுக்கறேன். அனு, அந்த சம் இருக்கே. மொத நாள் நீ அதை எப்படி சொன்ன, ஞாபகம் இருக்கா?

– எப்படி சொல்லியிருப்பேன்? கைடுல இருக்கற மாதிரி. மைனஸ் மூணுன்னு.

– இல்ல. பிளஸ் மூணுன்னு சொன்ன.

– இல்லியே.

– நான் கேட்டேனே. பிளஸ் மூணுன்ன. உடனே ஆண்ட்டி குரல், மைனஸ்டி, ஒழுங்கா பாத்து சொல்லுன்னு. நீ மறுபடியும் பிளஸ்ன. ஆண்ட்டி மொதல்லேர்ந்து சொல்லுன்னாங்க. மறு நாளும் பிளஸ்ன. மறுபடியும் மொதல்லேர்ந்து. அந்த வாரம் பூரா இதே சண்டை. கடைசியில நீ மைனஸ்னு சொன்ன. அதுலேர்ந்து மைனஸ்தான்.

– மா. நெஜமா?

– ... லட்சுமம்மா பாக்கெட்.

– இன்னாம்மா?

– ஒண்ணுமில்ல. ஆமா கண்ணு. நெஜந்தான். அந்த எடத்துல மட்டும் நீ தெனமும் மாத்திச் சொன்ன. நான்தான் கரண்டியைக் காட்டி மெரட்டினேன்.

– இப்ப எனக்குக் கஷ்டம் புரியுதா அனு? என் கையில புக் இல்ல. நீ பிளஸ்ங்கற, ஆண்ட்டி மைனஸ்ங்கறாங்க. எதை எழுதறது? யாரை நம்பறது? வேற வழியில்லாம ரெண்டையும் தனித்தனியாப் போட்டு, கடைசி வரைக்கும் ஓட்டிப் பாத்தேன். பிளஸ் போட்டாத்தான் நீ கத்தின விடை வந்துச்சு. மைனஸ் வேற எங்கயோ போவுது. அன்னிலேர்ந்து நீ எந்த வரி சொன்னாலும் நானே ஒரு தடவை போட்டுப் பாக்காம நம்ப மாட்டேன். அதனாலதான் பரீட்சையில முழுசா முடிக்க முடியல. மார்க்கும் அவ்ளோதான்.

– இதை மிஸ்கிட்ட சொன்னியா?

– அப்படியே சொன்னேன். அவங்க சிரிக்கவேயில்ல. உன் டெஸ்ட் பேப்பரை மறுபடியும் எடுத்துப் பாத்தாங்க. அப்புறம் கேட்டாங்க, புக்கும் தப்பு, டியூஷன் சாரும் கவனிக்கல, வீட்டுலயும் மைனஸ்னு மெரட்டறாங்க, அப்புறமும் ஒரு வாரம் பிளஸ்னு சொன்ன பொண்ணு யாரு, அவளுக்கு எப்படி தெரிஞ்சுதுன்னு. எனக்குத் தெரியாது மிஸ், அவளைத்தான் கேக்கணும்னேன். அதுக்குத்தான் உன்னை மொதல்ல போர்டுக்குக் கூப்புடறாங்க. சிரிக்க இல்ல. கேக்கறதுக்கு.

– எனக்குத் தெரியாது ஜோ. எதுக்கு பிளஸ்னு சொன்னேன்னு எனக்கே தெரியாது.

– தெரியாம ஒரு வாரம் அடம் புடிப்பாளா ஒருத்தி?

– கண்ணு, நான் கைடை மூடிட்டேன். இங்க பாரு, மூடி அந்தாண்ட வெச்சுட்டேன். இப்ப நான் கேக்கறேன். ரெண்டு வருஷமா கேக்கத் தோணாததைக் கேக்கறேன். பிராக்கெட்டுக்குள்ள அந்த மூணுக்கு மைனஸ்தானே போட்டிருக்கு? வெளிய வரும்போது மட்டும் அது எதுக்கு பிளஸ் ஆவணும்?

– ம்... இரு. ... மா, உன் ரேக்குல பீஸ் அடுக்கி இருக்குன்னு வெச்சுக்கோ.

– வெச்சுக்கிட்டேன்.

– நாகேஷ் சார் வந்து, அதுல ஒரு பண்டலை எடுத்துட்டுப் போன்னு சொல்றாரு. எடுக்கறதுதான் வெளிய இருக்கற மைனஸ்.

– சரி.

– நீ எடுத்துட்ட. அப்புறம் அவரே, அந்த பண்டல்ல மூணு பீஸ் மட்டும் எடுக்க வேணாம்ங்கறாரு. அதான் உள்ள இருக்கற மைனஸ் மூணு. இப்ப அந்த மூணு எங்க போவும்?

– எங்க போவும், திரும்ப ரேக்குக்குத்தான் வரணும்.

– திரும்பி வந்தா பிளஸ்தானேம்மா. எடுக்காதன்னு சொன்னதையும் சேத்து எடுத்துட்டோம், அதைத் திருப்பிக் குடுக்கறோம். அது மைனஸா எப்படி இருக்கும்? அப்பவும் எனக்கு இப்படித்தான்... ஏதோ திருப்பிக் குடுக்கணுமேன்னு தோணுச்சு. சொல்லத் தெரியல. நீ கரண்டியோட நின்ன.

– மூணு இல்லாம எட்டு பீஸ்னா?

– எட்டும் திரும்பி வரும்.

– நூறுன்னா?

– நூறும் வரும். எதுவா இருந்தாலும் வரும்மா. நம்பர்ல ஒண்ணுமே இல்ல. நம்பரைப் போய் புடிச்சுக்கிட்டிருந்தேன் நான்.

– அப்ப எட்டு, ஒம்பதுன்னு ஒவ்வொண்ணா மனப்பாடம் பண்ண வேணாமா?

– வேணாம்மா.

– நான் இன்னிக்குப் பூரா உக்காந்து பண்ணலாம்னு இருந்தேன்.

– ஆண்ட்டி, இதை அப்படியே போர்டாண்ட நின்னு சொன்னா போதும். பண்டல், ரேக், நாகேஷ் சார் எல்லாத்தையும். தெற அனு.

– தெறக்கறேன். ஆனா ஜோ, அங்க போய் நிக்கும்போது கை மறுபடியும் மூணுன்னு எழுதினா? அதுக்குத் தெரியாதே இதெல்லாம். ரெண்டு வருஷத்துக் கை அது.

– எழுதட்டும். நானும் டெஸ்டை முடிக்காதவதானே, மொத பெஞ்சுல உக்காந்திருப்பேன். தப்பா எழுதினா பெஞ்சைத் தட்டறேன். கேட்டதும் நின்னுடு. நின்னு ரேக்கை நெனச்சுக்கோ. சிரிக்கறவன் சிரிக்கட்டும், அவனையும் அடுத்து கூப்புடுவாங்க.

– ... தாப்பாள் இறுகிப் போச்சு. மா, நீ அந்தப் பக்கம் இழுத்துப் புடி. நான் தூக்கறேன்.

– புடிச்சிருக்கேன். மெதுவா. ... வந்துருச்சு. இங்க வா. மூஞ்சியைப் பாரு, வீங்கிப் போய். போய் தண்ணி ஊத்திக் கழுவு. தட்டுல ரெண்டு தோசை மூடி வெச்சிருக்கேன், ஒண்ணையாவது வாயில போட்டுக்கிட்டு ஓடு. அந்த ஐடி கார்டையும் எடுத்துட்டு வா. நானும் போறேன். கம்பெனியில லட்சுமம்மாவைப் பாக்கணும் எனக்கு.

– எதுக்கும்மா?

– அது எங்களுக்குள்ள. நீ கழுவிட்டு வா. ... ஜோவிதா, நீ இப்படி உள்ள வந்து நில்லும்மா. வாசல்லயே நிக்கற. இந்த வீட்டுக்குள்ள நீ வந்ததேயில்ல இல்ல?

– செவுத்து வழியா நெறைய வந்திருக்கேன் ஆண்ட்டி.

– நல்லா பேசற. பெஞ்சைத் தட்டறேன்னு சொன்னியே, இப்ப ஞாபகம் வந்துச்சு. நீ அந்தப் பக்கம் உக்காந்து எழுதிக்கிட்டிருந்தன்னா, உங்கம்மாவுக்கும் அது தெரிஞ்சிருக்கணும். அப்புறமும் எதுக்கு அப்படி தட்டித் தட்டி எங்க வாயை மூடப் பாத்தாங்க? புள்ளை படிக்கறதுல கூட பொறாமையா?

– அம்மா ஒரு நாளும் தட்டினதில்ல ஆண்ட்டி. நீங்க அடுப்பு பத்த வெக்கறதுக்கு முன்னாடியே அவங்க ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு சமையல் வேலைக்குப் போயிடுவாங்க. நீங்க ஏன் பேசறதில்லன்னு இன்னிக்கு வரைக்கும் அவங்களுக்குத் தெரியாது. தட்டினது நான்தான். ஒரு வரி காதுல விழாம போனா தட்டுவேன். தட்டினதும் நீங்க கோவத்துல, மொதல்லேர்ந்து சத்தமா சொல்லுடின்னு அனுவை மெரட்டுவீங்க. எனக்கு அதுதானே வேணும். இன்னிக்குக் காலையில தட்டினதும் அதுக்குத்தான். அந்த வரியை அவ இப்ப எப்படி சொல்றான்னு இன்னொரு தடவை கேக்கணும்னு.

– ... சாயங்காலம் உங்கம்மா வந்ததும் நான் வர்றேன்னு சொல்லி வை கண்ணு. விடிஞ்சா எழுந்தா அந்த வீடு வெளங்குமான்னு கேட்ட வாயி இது, அதே வாயால சொல்றேன், கேட்டுக்கோ: உங்க வீட்டு அடுப்பு ஒரு நாளும் அணையாம இருக்கட்டும், உங்க வீட்டுப் புள்ளைங்க கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் கெடைக்கட்டும், ஒரு செவுரு தள்ளி உக்காந்து காது குடுத்துக் கேட்டுக்கிட்டிருக்கற எந்த வீடா இருந்தாலும் அந்த வீடு நல்லா இருக்கட்டும்.